பெப்ரவரி 4: பிள்ளைகளோடு கடதாசியில் வீட்டு அலங்காரம்

கேள்வி இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வாடகை வீடு. நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாடசாலையில் சுதந்திர தினத்துக்குக் கொடி வரையச் சொன்ன நாள் முதல், வீட்டையும் அலங்கரிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்க முடியாது, செலவும் மிஞ்சக் கூடாது. என்ன செய்யலாம்?

இந்த நாளைக் கொண்டாடுவதா, எந்த அளவுக்கு என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். அதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே கடதாசி, கத்தரிக்கோல், கம் பற்றி மட்டும் பேசலாம்.

எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை, தேசியக் கொடியையே சின்னதாக இருபது முப்பது செய்து நூலில் கட்டுவது. அதை விட்டுவிடுங்கள். முதல் காரணம் சிங்கம். பிடரி, வால், வாள் என்று அதில் அத்தனை வளைவு. ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாவது சிங்கத்தோடு களைத்துவிடும், நான்கு வயதுப் பிள்ளையின் சிங்கம் பூனையாகிவிடும், மிச்சம் இருபத்தைந்தையும் இரவு பதினொரு மணிக்கு அம்மாதான் வெட்டிக்கொண்டிருப்பார். இரண்டாவது காரணம் கடற்காற்று. பல்கனியில் கட்டிய கடதாசிக் கொடி அறுந்து ஒழுங்கையில் விழும், மிதிபடும், ஐந்தாம் திகதி காலையில் குப்பையோடு கூட்டப்படும். கொடி நிலத்தில் படக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த வாயாலேயே அதைக் குப்பைப் பையில் போடச் சொல்ல வேண்டிவரும். ஆகவே கொடி என்று இருப்பது கடையில் வாங்கிய துணிக்கொடி ஒன்று மட்டும். மற்றதெல்லாம் அந்தக் கொடியின் நான்கு நிறங்களில் வெறும் அலங்காரம். அது கிழிந்தாலும் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

நான்கு நிறங்கள்: மெரூன், செம்மஞ்சள், பச்சை, மஞ்சள். ஏன் இந்த நிறங்கள் என்று பெரிய பிள்ளை கட்டாயம் கேட்கும். 1948இல் ஏற்றப்பட்டது சிங்கக் கொடி. 1951இல் அதோடு இரண்டு நிலைக்குத்துக் கோடுகள் சேர்ந்தன. பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு. மூலைகளில் இருக்கும் வெள்ளரசு இலைகள் 1972இல் குடியரசான போது வந்தவை. கத்தரிக்கோல் கையில் இருக்கும் பிள்ளைக்கு இவ்வளவு போதும்.

வாங்கும்போது சிக்கல் தருவது மெரூன்தான். கடைகளில் கிடைக்கும் கலப்பு நிற ஏ4 பொதிகளில் ரோஸ், இளநீலம், இளம்பச்சை என்று வெளிறிய நிறங்களே நிறைய இருக்கும், மெரூன் பெரும்பாலும் இருக்காது. சிவப்பை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வீடு நத்தாருக்கு அலங்கரித்த மாதிரி ஆகிவிடும். நிறத்தைச் சொல்லித் தனித்தனித் தாளாகக் கேளுங்கள். பக்கத்துக் கடையில் இல்லாவிட்டால் புறக்கோட்டை மலிபன் வீதியில் கடதாசிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தாளில் மெரூன் கிடைக்காமல் டிமை பேப்பரில் கிடைத்தால் அதையே ஏ4 அளவுக்கு வெட்டுங்கள். வெள்ளைத் தாளுக்கு வர்ணம் பூசுவது கடைசி வழி; ஈரம் பட்டுச் சுருண்ட தாள் நேராக மடியாது.

கீழே சொல்லும் மூன்று கடதாசி வேலைக்கும் சேர்த்து மெரூன் 7, செம்மஞ்சள் 7, பச்சை 6, மஞ்சள் 5 தாள் போதும். பிழைவிடுவதற்கும் இதில் இடம் இருக்கிறது. இரு பக்கமும் நிறம் உள்ள சாதாரண 80 கிராம் தாள் வாங்குங்கள். பிரிஸ்டல் போட் ஒன்று மட்டும் போதும், அதுவும் வட்டங்கள் வெட்டத்தான். சங்கிலிக்கும் மடிப்புக்கும் பிரிஸ்டல் போட் சரிவராது. வளைத்து ஒட்டினால் விறைத்துக்கொண்டு கம்மைப் பிய்த்துவிடும். பைண்டர் கம் சின்னப் போத்தல் ஒன்று, பருத்தி நூல் கயிறு 6 மீற்றர், உடுப்புக் கிளிப் பத்துப் பன்னிரண்டு. பென்சில் மாதிரி உருட்டிப் பூசும் கம் குச்சி சின்னவருக்கு வசதிதான், ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் அடுத்த நாளே விட்டுவிடும்.

நான்கு வயதுக்காரருக்குச் சங்கிலி. ஏ4 தாளைக் குறுக்காக 3 செ.மீ. அகலத்தில் வெட்டினால் 21 செ.மீ. நீளத்தில் 9 துண்டு வரும். வெட்டுவது நீங்கள். நிறத்துக்கு 2 தாள், மொத்தம் 72 துண்டு, 4 மீற்றருக்குச் சற்றுக் கூடிய சங்கிலி. நுனியில் 1.5 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று வர ஒட்டி, கிளிப் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். கம் காயும்வரை பிள்ளை விரலால் பிடித்துக்கொண்டிருக்காது, அதற்குத்தான் கிளிப். சுண்டுவிரல் நுனியில் தொட்ட அளவு கம் போதும். கூடினால் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த பிறகு அந்த இடம் சுருங்கி நிற்கும்.

72 வளையத்தையும் ஒரே சங்கிலியாகச் செய்ய விடாதீர்கள். எட்டு எட்டாக ஒன்பது துண்டுச் சங்கிலி செய்து, கடைசியில் நீங்கள் இணைத்துவிடுங்கள். எட்டில் நான்கு நிறமும் இரண்டு தடவை வரும்; பச்சை, செம்மஞ்சள், மெரூன், மஞ்சள் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுக்கும். ஓரிடத்தில் நிறம் மாறிப்போனாலும் அந்த எட்டோடு நிற்கும், முழுவதையும் பிரிக்க வேண்டிவராது. எட்டு முடிந்ததும் எழுந்து ஓடினாலும் ஒரு வேலை முடிந்த கணக்குத்தான். கம்மை வாயில் வைக்கும் பிள்ளையென்றால் மாப் பசை காய்ச்சுங்கள்: கோதுமை மா 2 மேசைக்கரண்டியைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஒரு கப் தண்ணீராக்கி, மெல்லிய நெருப்பில் பளபளப்பு வரும்வரை கிண்டி ஆறவிட வேண்டும். கொதிதண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டிபடும். வெளியே வைத்தால் மறுநாளே புளித்துவிடும், அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள்.

பெரியவருக்கு மடிப்பு வட்டம். பார்த்தவர்கள் கேட்பது இதைத்தான், பலருக்குப் பிழைப்பதும் இதுதான். ஜன்னலில் மூன்று தொங்கினாலே அறை நிறைந்துவிடும்.

பிழைப்பது அநேகமாக ஒரே காரணத்தால்: நீளம் போதாமை. தாள் துண்டை விசிறிபோல மடித்து வட்டமாக விரிக்கும்போது, துண்டின் அகலம் வட்டத்தின் ஆரை ஆகிறது. வெளி விளிம்பு முழுச் சுற்று வர அகலத்தின் ஆறேகால் மடங்காவது வேண்டும். மடிப்பு மடிப்பாகவே நிற்க அதற்கும் மேல் வேண்டும். ஆகவே நீளம் அகலத்தைப் போல 7 மடங்குக்குக் குறையக் கூடாது, 8 மடங்கு என்றால் சுகமாக வரும். ஏ4 தாள் ஒன்றை நெடுக்காகப் பாதியாக்கி இரண்டையும் ஒட்டுகிறவர்களுக்கு அகலம் 10.5, நீளம் 58 செ.மீ.; ஆறு மடங்கு கூட இல்லை. எவ்வளவு இழுத்தாலும் பீட்சாவில் ஒரு துண்டு எடுத்த மாதிரி வாய் பிளந்துகொண்டே நிற்கும்.

சரிவரும் கணக்கு இது. மெரூன் தாளை நெடுக்காக 7 செ.மீ. அகலத்தில் மூன்றாக வெட்டுங்கள். ஒரு வட்டத்துக்கு இரண்டு துண்டு. ஆகவே 2 தாளில் மூன்று வட்டம். மடிக்க அடிமட்டம் வேண்டாம். துண்டின் நீளம் பாதியாகும்படி மடித்து, திரும்பவும் பாதி, திரும்பவும் பாதி, இன்னொரு தடவை பாதி. நான்கு தடவை மடித்து விரித்தால் சமமான 16 கட்டம், ஒவ்வொன்றும் 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. இப்போது அந்தக் கோடுகளையே முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மடித்து, நகத்தால் அழுத்திவிட வேண்டும். ஒன்பது வயதுக் கை இதை அழகாகச் செய்யும். அளந்து அளந்து விசிறி மடித்தால் பத்தாவது மடிப்பில் கோணல் தொடங்கும், பாதிபாதியாக மடித்தால் கோணல் வர வழியில்லை.

இரண்டு துண்டையும் இணைக்கும்போது விளிம்போடு விளிம்பு ஒட்டக் கூடாது. ஒன்றின் கடைசிக் கட்டத்தின் மேல் மற்றதன் முதற்கட்டத்தை முழுதாக வைத்து ஒட்டுங்கள். மடிப்பு எதிர்ப்பக்கம் போனால் துண்டைத் திருப்பிப் போட்டால் சரி. மொத்தம் 31 கட்டம் வரும். மூடுவதற்கு முன் கட்டங்கள் ஒற்றை எண்ணில் இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே எண்ணிப் பார்க்கட்டும். இரட்டையானால் முதற்கட்டமும் கடைசிக் கட்டமும் ஒன்றோடொன்று படியாது.

முதற்கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மூடியதும் அது ஒரு கிரீடம் மாதிரி மேசையில் நிற்கும். மேல் விளிம்பைச் சுற்றிவரப் பிடித்து நடுவுக்கு அமத்தினால் திடீரென்று படுத்து வட்டமாகும், கையை எடுத்ததும் துள்ளி எழும்பும். இந்த இடத்துக்கு நான்கு கை வேண்டும். பிள்ளை நடுவை இறுக்கிப் பிடித்திருக்க, நீங்கள் பிரிஸ்டல் போட்டில் வெட்டிய 4 செ.மீ. வட்டத்தில் தாராளமாகக் கம் பூசிப் பின்பக்கம் வையுங்கள். திருப்பி, நடுவில் 400 கிராம் பால்மா பெக்கட் ஒன்றை ஏற்றி ஒரு மணித்தியாலம் விடுங்கள். அவசரத்தில் பத்து நிமிடத்தில் தூக்கினால் திரும்பவும் கிரீடம்தான். சூட்டுப் பசைத் துப்பாக்கி இருந்தால் வேலை அரை நிமிடம், ஆனால் அது உங்கள் கையில் மட்டும், பிள்ளை கையில் வேண்டாம்.

மேலே இரண்டு அடுக்கு வரும். செம்மஞ்சள் தாளை நெடுக்காக நான்காக வெட்டினால் அகலம் 5.25 செ.மீ.; ஒரு முழுத் துண்டு 16 கட்டம், அதோடு அரைத் துண்டு 8 கட்டம், ஒன்று மேல் ஒன்றாக ஒட்டினால் 23. பச்சையை 3.5 செ.மீ. அகலத்தில் ஆறாக வெட்டி, ஒரே துண்டில் 16 கட்டம் மடித்து ஒன்றை வெட்டிவிட்டு 15 ஆக்குங்கள். மெரூனின் மேல் செம்மஞ்சள், அதன் மேல் பச்சை, நடுவில் மஞ்சள் பொட்டு. பின்னால் நூலை ஒட்டும்போது நுனியில் முடிச்சுப் போட்டு, வட்டத்துக்கும் இன்னொரு கடதாசித் துண்டுக்கும் இடையில் வைத்து ஒட்டுங்கள். வெறும் நூல் கம்மில் பிடிக்காது.

பல்கனிக்குக் கொடித் தோரணம், வெறும் நிறத்தில். ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் 10.5க்கு 14.8 செ.மீ. துண்டுகள், வீண்போவது எதுவும் இல்லை. மேல் 2 செ.மீ.யை நூலுக்கு மேலால் மடித்து ஒட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் மீன்வால் வெட்டுக்குத் துண்டை நெடுக்காக இரண்டாக மடித்து, மடிந்த பக்கத்தில் அடியிலிருந்து 3 செ.மீ. மேலே தொடங்கி, மறுபக்க மூலைக்கு ஒரே வெட்டு. விரித்தால் இரண்டு வாலும் சமம். 4 செ.மீ. இடைவெளி விட்டால் 3 மீற்றர் பல்கனிக்கு 20 துண்டு. நூலை 4 மீற்றர் எடுத்து இரண்டு பக்கமும் கட்ட அரை மீற்றர் விடுங்கள். நைலோன் நூல் வேண்டாம். முடிச்சு நழுவும், துண்டுகளும் காற்றில் ஒரு மூலைக்கு ஓடிக் குவியும். பருத்தி நூலில் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நூலிலேயே கம் படும்படி ஒட்டினால் அசையாது. ஸ்டேப்ளர் வேகமான வழிதான், ஆனால் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் வீடுகளில் சில நாளில் ஊசி துருப்பிடித்து மஞ்சள் தாளில் கறை இறங்கிவிடும்.

இன்னும் ஆர்வம் மிஞ்சியிருந்தால் நீலோற்பலம் செய்யலாம். 1986 முதல் அதுதான் தேசிய மலர். பிள்ளைகள் அதைத் தாமரையாக்கிவிடுவது வழக்கம். தாமரை இதழ் அகன்று வளைந்தது. நீலோற்பல இதழ் ஒடுங்கி, நுனி கூர்மையாக இருக்கும். நீல ஊதாத் தாளில் 7க்கு 2 செ.மீ.யில் வெளியிதழ் 8, 5க்கு 1.5 செ.மீ.யில் உள்ளிதழ் 6, அடியில் பச்சையில் புறவிதழ் 4. நடுவுக்கு 10க்கு 3 செ.மீ. மஞ்சள் துண்டின் ஒரு விளிம்பை மயிர்போல நெருக்கமாகக் கத்தரித்துச் சுருட்டினால் மகரந்தக் கேசரம் தயார். கழுவிக் காயவைத்த யோகட் கப்பைக் கவிழ்த்து, அதன் அடியில் ஒட்டினால் மேசையில் நிமிர்ந்து நிற்கும். கப்பை நிமிர்த்திப் பல்கனியில் வைக்க வேண்டாம். ஒரு மழை பெய்து தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அது போதும்.

வாசலுக்குக் கோலம் போடுவதென்றால் கல்லுப்பில் நிறம் கலக்கும் முறையைக் கொழும்பில் தவிருங்கள்; உப்பு காற்றிலிருந்தே ஈரம் இழுத்து மத்தியானத்துக்குள் கசிந்துவிடும். ரவை நல்லது. ஒரு கப் ரவைக்கு ஒரு தேக்கரண்டி உணவு நிறத்தை இரண்டு தேக்கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறி, நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். மஞ்சளுக்கு மஞ்சள் தூளே போதும். மெரூனுக்குச் சிவப்பு நிறம் கலந்த ரவையோடு கொஞ்சம் குரக்கன் மா. கால்படும் இடத்தில் கொடியையோ சிங்கத்தையோ வரைய வேண்டாம், புள்ளிக் கோலத்தை நான்கு நிறத்தில் நிரப்பினாலே அழகு. பொழுதுபடுவதற்குள் கூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரிசை படுக்கையறை வரைக்கும் வரும்.

ஆணி இல்லாமல் தொங்கவிட இடமா இல்லை? ஜன்னல் கிரில், திரைச்சீலைக் கம்பி, பல்கனிக் கைப்பிடி மூன்றும் போதும். சுவரில் செலோடேப் ஒட்டினால் எடுக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சங்கிலி சீலிங் ஃபேனிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும். காற்றில் ஊசலாடும் கடதாசியை ஃபேன் எட்டிப் பிடித்துவிடும். சாமி அறையில் குத்துவிளக்குப் பக்கம் எதையும் கட்டாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பெரியவர் கொடி ஒன்று செய்தே தீருவேன் என்றால் ஒன்றே ஒன்று, சட்டம் போட்டு வைக்கும்படி செய்யட்டும். கொடியின் நீளம் உயரத்தின் இரு மடங்கு. ஏ4 தாளில் 28க்கு 14 செ.மீ. மஞ்சள் செவ்வகம் வெட்டி, சுற்றிவர 1 செ.மீ. ஓரம் விட்டு, இடது பக்கமிருந்து பச்சை 3.5, செம்மஞ்சள் 3.5, மஞ்சள் இடைவெளி 1, மெரூன் 18 செ.மீ. என்று ஒட்டினால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். நிறப் பட்டைகளின் உயரம் 12. சிங்கத்தை அச்செடுத்து மஞ்சள் தாளில் படியெடுக்கலாம். சிங்கம் கோடுகளைப் பார்த்து நிற்க வேண்டும், வாள் வலது முன்காலில். மெரூனின் நான்கு மூலையிலும் வெள்ளரசு இலை. பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை, பச்சையையும் செம்மஞ்சளையும் இடம் மாற்றுவது. ஓரத்தில் இருப்பது பச்சை. வாங்கிய துணிக்கொடியைக் கம்பில் கட்டும்போதும் இதே கணக்கு, பச்சை கம்புப் பக்கம். பொழுது சாய்ந்ததும் இறக்கி மடித்துவையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் மூன்றாம் திகதி இரவு வீட்டில் சண்டைதான். ஒரு மாலை முக்கால் மணித்தியாலம் சங்கிலி, இன்னொரு மாலை மடிப்பு வட்டம், மூன்றாம் நாள் தோரணம். தோரணத்தை நான்காம் திகதி காலையில்தான் வெளியே கட்ட வேண்டும். மேற்குப் பார்த்த பல்கனி வெயிலில் நிறத்தாள் இரண்டு மூன்று நாளில் வெளிறத் தொடங்கும்.

மடிப்பு வட்டங்களை அடுத்த வருடத்துக்கு வைக்கலாம். சேர்ட் பெட்டியில் தட்டையாக அடுக்கி, கர்ப்பூர உருண்டை ஒன்று போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அலுமாரி மேலே. மாப் பசையில் ஒட்டிய சங்கிலியை அந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மாவின் வாசத்துக்குக் கரப்பான் வந்து பக்கத்திலிருக்கும் வட்டத்தையும் சேர்த்து அரித்துவிடும்.